இடம் மாறிய மச்சங்கள்

எந்த மெஷினாக இருந்தாலும் சுவிட்சைத் தொடுவதற்கு முன் சிலுவை போட்டுக்கொள்வார் அந்த டீச்சர். டேப் ரெக்கார்டருக்கும் அதே சிலுவை, பள்ளிக்கூடத்துத் தண்ணீர் மோட்டாருக்கும் அதே சிலுவை. போட்டு முடித்ததும் சுற்றி நிற்கிறவர்களைப் பார்த்து, குரலைக் கொஞ்சமும் தாழ்த்தாமல், "எனக்கு இது தெரியாது. யாருக்குனா தெரியுமா?" என்று கேட்பார். சிலுவை எங்களுக்குப் பழகிவிட்டது. அந்தக் கேள்விதான் கடைசிவரை பழகவில்லை.

இன்றைக்கு அவரை ஞாபகப்படுத்தியது காலையில் என் மேசைமேல் கிடந்த ஒரு படிவம். வகுப்பறையில் தொழில்நுட்பத்தைக் கையாளுவதில் ஒவ்வொரு ஆசிரியரும் தன் திறமையைத் தானே மதிப்பிட்டு எழுத வேண்டுமாம். பன்னிரண்டு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே நான்கு கட்டங்கள்: மிக நன்று, நன்று, போதுமானது, ஓரளவு. மதியத்துக்குள் கொடுத்துவிட வேண்டும் என்று உத்தரவு.

நான் திண்டிவனத்தில் ஒரு பள்ளியில் அறிவியல் வாத்தியார். ஓய்வுபெற ஒன்றரை வருஷம் இருக்கிறது. என் வகுப்புச் சுவரில் மூன்று மாதமாக ஒரு ஸ்மார்ட் போர்டு தொங்குகிறது. ஆயுத பூஜையன்று பிள்ளைகள் அதன் நான்கு மூலையிலும் சந்தனப் பொட்டு வைத்துக் குங்குமம் இட்டார்கள். அதைத் தவிர அதற்கு இதுவரை எந்த மரியாதையும் நடக்கவில்லை. பழைய மேசைத் துணி ஒன்றை அதன்மேல் போர்த்தி வைத்திருந்தேன். தூசி படியக் கூடாது என்பது வெளியில் சொல்லும் காரணம். பிள்ளைகள் கேட்டால், "வோல்டேஜ் சரியில்லம்மா, அப்புறம் பார்ப்போம்" என்பேன். தலைக்கு மேலே மின்விசிறி மட்டும் எப்படி அவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று யாரும் கேட்டதில்லை.

நான் விழுப்புரத்து ஓரத்தில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் வேலை பார்த்தபோது அந்த டீச்சர் அங்கே சமூக அறிவியலுக்கு வந்து சேர்ந்தார். 1993, மாவட்டம் பிரிந்த வருஷம். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அவருக்குத் திண்டிவனத்தில் வீடு, அதற்குப் பக்கத்துக் கிராமத்தில் கொஞ்சம் நிலம். வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். அது பிடுங்கும் காலத்தில் அவித்த மல்லாட்டையை ஒரு தூக்கு நிறையக் கொண்டுவந்து ஆசிரியர் அறை மேசையில் கொட்டுவார். தினமும் பஸ்ஸில் ஒரு மணி நேரம் வந்து, ஒரு மணி நேரம் போக வேண்டும். தினமும் ஏறும்போது கண்டக்டரிடம், "இது பைபாஸ்ல போறதா, ஊருக்குள்ள போறதா?" என்று கேட்பாராம். "டெய்லியும் ஏறுறீங்க, டெய்லியும் கேக்கறீங்களே டீச்சர்" என்று கண்டக்டர் அலுத்துக்கொண்டால், "நேத்து போனது நேத்துப்பா. இன்னைக்கு எங்க போவன்னு எனக்கு இன்னா தெரியும்?" என்பார். சிரித்துக்கொண்டே அவரே எங்களிடம் சொன்னது இது.

தெரியாது என்று சொல்லுவதில் அவருக்குத் துளிக் கூச்சம் கிடையாது. நாங்களெல்லாம் வணக்கம் சொல்லுகிற சுலபத்தில் அதைச் சொல்லுவார். எனக்கு அது பிடிக்காது என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். வாத்தியார் என்றால் ஒரு இது வேண்டாமா என்று நினைப்பேன். பிள்ளைகள் முன்னால் முழிக்கலாமா? முழித்தாலும் அதை வெளியில் காட்டலாமா?

அவர் வந்த கொஞ்ச நாளிலேயே பள்ளிக்கு ஒரு டேப் ரெக்கார்டரும் ஆங்கில உச்சரிப்புக் கேசட்டுகளும் வந்தன. ஆங்கில ஆசிரியர் லீவில் இருந்த ஒருநாள் எட்டாம் வகுப்புக்கு அதைப் போட்டுக் காட்டும் வேலை டீச்சருக்கு வந்தது. சிலுவை போட்டார், கேள்வியைக் கேட்டார். கல்யாணங்களுக்கு மைக்செட் போடுகிறவர் மகள் ஒருத்தி எழுந்து, "சிவப்பையும் பக்கத்தையும் சேத்து அழுத்தணும் டீச்சர்" என்றாள். அவள் சொன்னது சரிதான், பதிவு செய்வதற்கு. பாடம் முழுக்க அழிந்து, அந்த இடத்தில் வகுப்பின் இரைச்சலும் நடுவே டீச்சரின் குரலும் ஏறிவிட்டன: "ஏய், இரு இரு, ஒண்ணும் பேச்சு வரலையே. வேற யாருக்குனா தெரியுமா?"

அந்தக் கேசட்டை ஆசிரியர் அறையில் போட்டுப் போட்டுச் சிரித்தோம். அவரும் சேர்ந்துதான் சிரித்தார். ஆனால் அதற்கு முன்பே தலைமையாசிரியையிடம் போய்ச் சொல்லியிருந்தார். இருப்புப் பதிவேட்டில் அந்தக் கேசட்டுக்கு எதிரே, குறிப்பு என்ற கட்டத்தில், "நான் தவறான பொத்தானை அழுத்தியதால் பாடம் அழிந்துவிட்டது" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார். அந்தப் பிள்ளையின் பேச்சே அதில் இல்லை. தலைமையாசிரியை தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏம்மா, பழுதாயிடுச்சின்னு ஒத்த வார்த்தை எழுதினா போதாதா? இன்ஸ்பெக்ஷன்ல இதைப் பார்த்தா என்ன சொல்லுவாங்க?"

"பழுதாவலியே மேடம். நல்லாத்தான் இருக்குது. நாந்தான் அழிச்சிட்டேன்."

அந்த வருஷ ஆய்வில் அதிகாரி அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கால் மணி நேரம் டீச்சரைக் காய்ச்சினார். டீச்சர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். அதே பதிவேட்டில் நான்கு பக்கம் தள்ளி, என் கை தவறி உடைந்த ஒரு நுண்ணோக்கிக்கு எதிரே "பழுது" என்று மட்டும் இருந்தது. அதிகாரி அதைத் தாண்டிப் போனார். எனக்கு அன்று நிம்மதியாகத்தான் இருந்தது.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. பள்ளிக்கு வருவதற்கு முன் எங்களுக்குப் பயிற்சி. விழுப்புரத்தில் ஐந்து நாள். ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர். நானும் டீச்சரும் ஒரே பள்ளி என்பதால் ஒரே மேசையில் உட்கார வைத்துவிட்டார்கள். நான் முதல் நாளே ஒரு வழி கண்டுபிடித்தேன். "லேடீஸ் ஃபர்ஸ்ட் டீச்சர்" என்று மவுஸை அவர் பக்கம் தள்ளிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, எல்லாம் தெரிந்தவன் மேற்பார்வை பார்க்கிற தோரணையில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

டீச்சர் சிலுவை போட்டு மவுஸைப் பிடித்தார். திரையில் அம்புக்குறி நகர, அவர் கையும் நகர்ந்தது. போய்க்கொண்டே இருந்து, மேசை விளிம்பில் வந்து நின்றது. அம்புக்குறி இன்னும் பாதித் திரைகூடத் தாண்டவில்லை. டீச்சர் எழுந்து நின்று ஹால் முழுக்கக் கேட்கும்படி, "சார், மேசை முடிஞ்சி போச்சு சார்!" என்றார்.

ஹாலே சிரித்தது. நானும் சிரித்தேன், கொஞ்சம் கூடுதலாகவே. பயிற்சியாளர் வந்து மவுஸைத் தூக்கி நடுவில் வைத்துவிட்டு, "இப்படித் தூக்கி வச்சிக்கினு திரும்ப நகர்த்துங்க" என்றார். எனக்கும் அதுவரை அது தெரியாது. அந்த ஐந்து நாளும் நான் கற்றுக்கொண்டது எல்லாமே டீச்சர் எழுந்து நின்று கேட்டதும், மற்றவர்கள் சிரித்ததும், பயிற்சியாளர் சலித்துக்கொண்டே சொன்னதும்தான். சிரிப்பு அவருக்கு, பதில் எனக்கு.

கடைசி நாள் ஒரு படிவம் கொடுத்தார்கள். இன்றைக்கு என் மேசைமேல் வந்ததற்கு அது அண்ணன். அதிலும் இதே நான்கு கட்டங்கள். நான் மேலிருந்து கீழ்வரை "மிக நன்று" போட்டேன். ஐந்து நிமிஷ வேலை. டீச்சர் பையிலிருந்து ஸ்கேலை எடுத்தார். நான்காவது கட்டத்துக்குப் பக்கத்தில் நிதானமாக ஒரு கோடு போட்டு, ஐந்தாவது கட்டம் ஒன்றை உண்டாக்கி, அதற்குத் தலைப்பாக "தெரியாது" என்று எழுதினார். பாதிக்கு மேல் அந்தக் கட்டத்தில்தான் போட்டார். அடியில் குறிப்பு வேறு: "ஆன் பண்ணத் தெரியும். ஆஃப் பண்ணத் தெரியும். நடுவில் இன்னும் வரவில்லை."

பயிற்சியாளருக்கே பொறுக்கவில்லை. "டீச்சர், இப்படி எழுதிக் குடுத்தா எனக்குத்தான் பேஜாரு. மாத்திக் குடுங்க."

"கத்துக்குடுத்தது நீங்கதான், நல்லாத்தான் குடுத்தீங்க. எனக்கு வரலன்னு எழுதறதுக்கு உங்களுக்கு இன்னா சார்? எழுதினா கை ஒடிஞ்சிடுமா?"

அந்தப் படிவங்களின் பலன் சீக்கிரமே தெரிந்தது. பள்ளிக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது அதற்குப் பொறுப்பாசிரியர் நான். அறைச் சாவி என் இடுப்பில். டீச்சருக்குத் தலைமையாசிரியையிடம், "உங்களால பள்ளிக்கூடத்துக்கே கெட்ட பேரு" என்று ஒரு வசவு.

பத்தாம் வகுப்பு அரசுத் தேர்வுக்குப் பிள்ளைகளின் பட்டியல் ஒன்று அனுப்ப வேண்டும். நாமினல் ரோல் என்போம். பெயர், பிறந்த தேதி, அங்க அடையாளங்கள். அங்க அடையாளம் என்றால் மச்சம், தழும்பு. இதில் உள்ளபடிதான் மதிப்பெண் சான்றிதழ் அச்சாகும். அதில் பிறந்த தேதி தப்பாக விழுந்தால் அந்தப் பிள்ளை அதைத் திருத்த எத்தனை ஆபீஸ் படி ஏற வேண்டும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதனால் ஒவ்வொரு வருஷமும் ஒருவர் அட்மிஷன் ரிஜிஸ்டரை வாசிக்க, இன்னொருவர் பட்டியலில் டிக் போட, ஒரு முழு நாள் ஒத்துப் பார்ப்போம்.

அந்த வருஷம் முதன்முறையாகப் பட்டியலைக் கம்ப்யூட்டரில் நான் தயார் செய்தேன். அறுபத்து நான்கு பிள்ளைகள். ரிஜிஸ்டரில் உள்ள வரிசைப்படி ஒரு விரலால் இரண்டு வாரம் தட்டினேன். பட்டியல் அகர வரிசையில் இருக்க வேண்டும். அதற்கு ஒரு பொத்தான் உண்டு என்று பயிற்சியில் கேட்ட ஞாபகம். பெயர்கள் இருந்த பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து அந்தப் பொத்தானை அழுத்தினேன். ஒரு சின்னக் கட்டம் வந்து ஆங்கிலத்தில் ஏதோ கேட்டது. இதை மட்டும் மாற்றவா, பக்கத்தில் உள்ளதையும் சேர்த்து மாற்றவா என்று அது கேட்டிருக்கிறது. நான் எதையோ அழுத்தினேன். பெயர்கள் கண்ணெதிரே சரசரவென்று வரிசையில் நின்றன. பிறந்த தேதிகளும் மச்சங்களும் இருந்த இடத்திலேயே இருந்தன. அதை நான் பார்க்கவில்லை. அச்செடுத்து, தலைமையாசிரியை மேசையில் வைத்தேன். அவ்வளவு அழகான பட்டியலை அந்தப் பள்ளி அதற்குமுன் கண்டதில்லை.

"கம்ப்யூட்டரே செஞ்சிருக்குது, இதுல தப்பு எங்க வரும்? இந்த வருஷம் ஒத்துப் பார்க்க வேணாம்" என்றார் தலைமையாசிரியை. மறுநாள் காலையில் ஒப்படைக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரு நாள் மிச்சம், எல்லோருக்கும் சந்தோஷம்.

பத்தாம் வகுப்புக்கு வகுப்பாசிரியர் டீச்சர்தான். "மேடம், எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. அதனால ஒரு தபா பார்த்துட்டுத் தந்துடறேன்" என்று ஒரு பிரதியை வாங்கிக்கொண்டு வகுப்புக்குப் போனார். அவர் பார்க்கும் முறையே வேறு. ரிஜிஸ்டரோடு ஒத்துப் பார்க்க மாட்டார். பிள்ளைகளோடு ஒத்துப் பார்ப்பார். முதல் பெயர் ஒரு பெண். எழுப்பி நிறுத்தி, "வலது கன்னத்துல மச்சம். எங்க, காட்டு" என்றாராம். அவள் கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "எனக்கு இல்லையே டீச்சர்" என்றாள். அடுத்த பெயர். "இடது புருவத்துல தழும்பு." அவனும் தடவிப் பார்த்தான். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து, "டீச்சர், அது என்னுது!" என்று புருவத்தைக் காட்டினான். வகுப்பே கலகலத்துவிட்டது. ஆளாளுக்கு மச்சத்தைத் தேட ஆரம்பித்தார்கள்.

மதியச் சாப்பாட்டு வேளையில் டீச்சர் கம்ப்யூட்டர் அறை வாசலுக்கு வந்தார். "சார், கொஞ்சம் வாங்களேன். பிள்ளைங்க மச்சமெல்லாம் இடம் மாறிப் போயிருக்குது."

பட்டியலைப் பார்த்தேன். என்ன நடந்தது என்று புரிந்தது. எப்படிச் சரிசெய்வது என்றுதான் புரியவில்லை. தலைமையாசிரியை அறைக்குள் போவதற்குள் பதிலைத் தயார் செய்துவிட்டேன்.

"வைரஸ் மேடம்."

அப்போது அந்த வார்த்தைக்கு இருந்த மதிப்பே தனி. தலைமையாசிரியை முகம் வெளுத்துவிட்டது. "ஐயையோ. இப்ப என்ன பண்றது?"

"இன்ஜினியரைக் கூப்பிடணும். பாண்டிச்சேரியிலேருந்து வரணும். மூணு நாளாவது ஆவும்."

"நாளைக்குக் காலைல குடுக்கணுமே சார். அறுபத்து நாலு பிள்ளைங்க. லேட்டா வந்துச்சின்னு வாங்காம விட்டா பரீட்சையே எழுத முடியாதே. அப்ப ஒண்ணு பண்ணலாம். இதையே குடுத்துட்டு, இன்ஜினியர் வந்தப்புறம் திருத்திக்கலாமா?"

நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது. ஒருமுறை கொடுத்தது திரும்பி வராது என்று எனக்குத் தெரியும்.

டீச்சர் பட்டியலையும் ரிஜிஸ்டரையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார்.

"சார், எனக்குத் தெரியாமதான் கேக்கறேன். தேதி, மச்சம் எல்லாம் ரிஜிஸ்டர்ல உள்ள வரிசைலயே கரெக்டா நிக்குது. பேரு மட்டும்தான் எந்திரிச்சிப் போய் வேற வரிசைல நிக்குது. அதுவும் அகர வரிசைல. அகர வரிசை வைரஸுக்கு எப்படி சார் தெரியும்?"

அந்த முகத்தில் கிண்டல் இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். கோபித்துக்கொண்டு வெளியே போயிருக்கலாம். கிண்டல் இல்லை. மவுஸைப் பிடித்துக்கொண்டு மேசை முடிந்துபோச்சு என்றபோது இருந்த அதே முகம். உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்கிறார். தலைமையாசிரியையும் இப்போது என்னைப் பார்த்தார்.

"வைரஸ் இல்ல மேடம்," என்றேன். "நான்தான். பேரை மட்டும் மாத்திட்டேன் போல. எனக்கு அது சரியாத் தெரியாது. பயிற்சியிலயே எனக்கு ஒண்ணும் வரல."

கூரை இடிந்து விழும் என்று எதிர்பார்த்தேன். தலைமையாசிரியை கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, "சரி. கையாலயே எழுதிடலாம். ரிஜிஸ்டரை எடுங்க" என்றார். டீச்சர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "பேனால மை இருக்குதா சார்?"

கையால் எழுதியதையும் வாங்கிக்கொண்ட காலம் அது. பத்தாம் வகுப்பிலேயே உட்கார்ந்தோம். டீச்சர் அகர வரிசைப்படி ரிஜிஸ்டரைப் பார்த்து வாசிக்க, பெயர் வந்த பிள்ளை எழுந்து மச்சத்தைக் காட்ட, நான் எழுதினேன். அறுபத்து நான்கு மச்சங்களும் தழும்புகளும் அவரவர் உடம்புக்குத் திரும்பிப் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்தரை. எழுதி எழுதி என் விரல் வீங்கியிருந்தது. டீச்சர் தன் தூக்கைத் திறந்து மிச்சமிருந்த மல்லாட்டையை என் பக்கம் தள்ளிவிட்டு, "பஸ்ஸு போயிடும், வர்றேன் சார்" என்று கிளம்பினார்.

அந்த விஷயத்தை அவர் பிறகு யாரிடமும் பேசவில்லை. எனக்காக மறைத்தார் என்று சொல்ல மாட்டேன். தெரியாமல் செய்த ஒன்றைப் பேசிக்கொண்டிருக்க என்ன இருக்கிறது என்று அவர் நினைத்திருப்பார். நான் அப்படி நினைக்கவில்லை. அதற்குப் பிறகு அவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மாதிரியாக இருக்கும். அடுத்த ஜூனில் அவர் கண்டாச்சிபுரம் பக்கம் மாற்றலாகிப் போனார். பிரிவு உபசாரக் கூட்டத்தில் பேசச் சொன்னார்கள். அவருடைய நேரந்தவறாமையைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினேன். சொல்ல வேண்டியதை விட்டுவிட்டு மற்றதெல்லாம் பேசினேன். அதன்பிறகு அவரை நான் பார்க்கவில்லை. திண்டிவனத்துக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து பஸ் ஸ்டாண்டில் யாராவது கண்டக்டரிடம் வழி கேட்கும் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்கிறேன்.

ஒருமுறை தெரியாது என்று வாயால் சொல்லிவிட்டால் பிறகு பழகிவிடும் என்று நினைத்திருந்தேன். பழகவில்லை. அதற்குப் பிறகும் எத்தனையோ பயிற்சி, எத்தனையோ படிவம். எல்லாவற்றிலும் "மிக நன்று"தான்.

இன்று காலையிலும் பேனா முதல் கட்டத்துக்குத்தான் போனது. முதல் கேள்விக்குப் போட்டும்விட்டேன். பிறகு எழுந்து போய்ப் பக்கத்து அறை கணக்கு டீச்சரிடம் ஒரு ஸ்கேல் வாங்கி வந்தேன். நான்காவது கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்டேன். கோடு கொஞ்சம் கோணல். முதல் கேள்விக்குப் போட்டதை அடித்துவிட்டு, பன்னிரண்டில் ஒன்பதை அந்தப் புதுக் கட்டத்தில் போட்டேன். தலைமையாசிரியர் வாங்கிப் பார்த்து, "என்ன சார் இது, இந்த வயசுல" என்றார். ரிட்டயராகப் போகிற நேரத்தில் எதற்கு வம்பு என்பது அவர் கவலை. கொடுத்துவிட்டு ஒன்பதாம் வகுப்புக்குப் போனேன்.

மேசைத் துணியை இழுத்தேன். காய்ந்த சந்தனம் பொலபொலவென்று உதிர்ந்தது. பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டு, "எனக்கு இது தெரியாது. யாருக்குனா தெரியுமா?" என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது.

சிரிப்பார்கள் என்று காத்திருந்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. மூன்றாம் பெஞ்சில் ஒரு பெண் தலைக்கு மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். முகத்தில் கிண்டல் இல்லை.

"அப்போ வோல்டேஜ் நல்லாத்தான் இருந்துச்சா சார்?"

"இருந்துச்சும்மா," என்றேன்.